அம்மன் சாய்ந்த முடக்கு

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், டயகமப் பகுதியின் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு ஜீப் வண்டியின் ஸ்வே பார் கழற்றப்பட்டுள்ளது. கழற்றியவர் திரு. விஜிதரன்.

தேயிலைத் தோட்டத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபோதுகூட இப்படியோர் அறிவித்தல் வெளியாகவில்லை. விஜிதரன் இதை இளைஞர் கழகத்தின் வட்ஸ்அப் குழுவிலும் கோயில் குழுவிலும் மரண உதவிச் சங்கக் குழுவிலும் படத்தோடு போட்டார். மரண உதவிச் சங்கத்தில் இரண்டு பேர் பழக்க தோஷத்தில் ‘ஆழ்ந்த அனுதாபங்கள்’ என்று பதில் எழுதினார்கள்.

அக்கரப்பத்தனை டவுனில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் விஜிதரன், பழைய ஜீப் ஒன்றை வாங்கிய நாளிலிருந்து ஆளே மாறிப்போனார். வெள்ளைக்காரர்கள் வேண்டுமென்றே சேற்றில் வண்டியை இறக்கி, பிறகு அதிலிருந்து ஏறும் வீடியோக்களைச் சோறு தின்னும்போதும் பார்த்தார். பார்த்ததன் பலனாக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்புக்கு அடியில் புகுந்து, கிரீஸ் பூசிய முகத்தோடும் வளைந்த நீளக் கம்பி ஒன்றோடும் வெளியே வந்தார்.

“என்னாங்க இது?” என்றாள் மனைவி கிருஷாந்தி.

“ஸ்வே பார். வலது சில்லையும் இடது சில்லையும் இதுதான் கட்டிப் போட்டிருந்திச்சு. ஒரு சில்லு பள்ளத்துல எறங்குனா மத்தது விடாது. இப்ப கழட்டியாச்சு. அதது இஷ்டத்துக்கு ஏறும், எறங்கும்.”

“நம்ம வீடு மாதிரி.”

“கல்லு ரோட்ல போனா மேல இருக்கிறவங்களுக்கு அலுங்காது, புள்ள.”

“அப்ப செஞ்சவன் எதுக்கு இத வச்சான்?”

“முடக்குல திரும்புறப்ப வண்டி சாயாம இருக்க. அது சும்மா, டவுன்ல ஓட்டுறவனுக்கு.”

கிருஷாந்தி கம்பியைத் தூக்கிப் பார்த்தாள். நல்ல நீளம். மழைநாளில் துணி காயப்போட அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டாள். இரண்டு முனையும் வளைந்திருந்ததால் கட்டவும் வசதியாக இருந்தது.

இந்த இடத்தில் மாரியம்மன் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய தலைவர் வவுனியாவில் இருக்கும் மகளோடு இருக்கப் போய்விட்டதால் தலைவர் பதவி காலியாகக் கிடந்தது. சாதாரண நாளென்றால் அது கோயில் சாவியைத் தொலைத்துவிட்டுத் தேடுகிற பதவி. ஆனால் தை மாதம் கும்பாபிஷேகம். வாசலில் ஒரு கல்வெட்டு வைக்கப்போகிறார்கள். அதில் தலைவரின் பெயர் முதலாவதாக, மற்றவர்களுடையதைவிடப் பெரிய எழுத்தில் வரும். விஜிதரன் ஏற்கெனவே எழுத்தின் அளவை முடிவு செய்திருந்தார். பெயருக்கு முன்னால் ‘சமூகஜோதி’ என்று போடலாமா, அல்லது அந்தப் பட்டத்தை யாராவது முதலில் கொடுக்க வேண்டுமா என்பது மட்டும்தான் பாக்கி.

குறுக்கே நின்றவர் அழகன். ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. மைக் இல்லாத இடத்திலும் இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் பேசத் தொடங்குவார். அவருக்கும் அந்தக் கல்லின்மேல் ஒரு கண்.

வாக்கெடுப்பு வைத்தால் தோட்டத்தின் மேல் பிரிவும் கீழ் பிரிவும் பிறகு ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் வராமல் போய்விடுவார்கள். எனவே பூசாரி ஒரு வழி சொன்னார்.

“திருவிழா ஊர்வலம் முடியட்டும். அம்மாகிட்டயே பூ கேட்டுப் பாத்துக்குவோம். வலது தோள்ல விஜிதரனுக்கு ஒரு பூ, இடது தோள்ல அழகனுக்கு ஒரு பூ. எது மொதல்ல விழுதோ, அந்தாளு தலைவரு.”

அந்த வருடம் அம்மனை ஏற்றிச் செல்லும் டிராக்டர் பழுதாகிக் கிடந்தது. விஜிதரன் எழுந்து நின்று, தம்முடைய ஜீப்பைத் தருவதாகச் சொன்னார். ஜீப்பில் ஏறி வந்த அம்மன் பூ விஷயத்தில் நன்றி மறக்க மாட்டாள் என்பது அவருடைய கணக்கு.

திருவிழா அன்று ஜீப்பின் பின்பக்கத்தில் மூங்கில் சப்பரம் எழும்பியது. கூரைக்கு மேலே இன்னொரு ஆள் உயரம். உச்சியில் அம்மன், கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை. அவளைப் பிடித்துக்கொண்டு பூசாரியும், பக்கத்துக்கு ஒருவராக இரண்டு தடியர்களும். ஆற்றங்கரையில் பூசை முடிந்து, தப்பு முழங்க ஊர்வலம் புறப்பட்டது.

கல்லு ரோட்டில் ஜீப் போன அழகை உண்மையிலேயே சொல்லத்தான் வேண்டும். சில்லுகள் பள்ளத்தில் இறங்கின, பாறையில் ஏறின. அம்மன் மட்டும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைபோல அலுங்காமல் வந்தாள். பின்னால் நடந்து வந்த பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விஜிதரனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. இருப்பதிலேயே பெரிய பள்ளத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினார்.

“எல்லாரும் இந்தச் சில்லப் பாருங்க. எவ்வளவு கீழ போயிருக்கு? மேல பாருங்க, அம்மா நேரா இருக்காங்க. ஏன்?”

அவரே விளக்கினார். தப்பு அடிப்பவர்கள் பீடி பற்றவைத்தார்கள். விளக்கம் வெளிநாட்டுச் சில்லுகளைத் தாண்டி உள்நாட்டுச் சில்லுகளுக்கு வந்தபோது, பூசாரி உச்சியிலிருந்து குனிந்தார்.

“தம்பி, ராகுகாலம் பொறக்கப் போகுது. நீங்க வண்டிய எடுக்கிறீங்களா, நான் அம்மாவத் தூக்கிட்டு நடக்கவா?”

விஜிதரன் பாய்ந்து ஏறினார். கல்லு ரோடு முடிந்து புதிதாக வழவழவென்று தார் போட்ட கார்பட் ரோடு வந்ததும் மிதித்தார். கூட்டம் தேயிலைக்குள் இறங்கிக் குறுக்குப் பாதையில் ஓடியது. குறுக்குப் பாதை ஏறுகிற இடம் அழகன் வீட்டு முடக்கு. வாசலில் அழகன் தாம்பாளத்தோடு, இரண்டாவது இருமலை இருமிக்கொண்டு நின்றார்.

ரோடு வலப்பக்கம் வளைந்தது. ஜீப்பும் வளைந்தது. ஆனால் சில்லுக்கு மேலே இருந்த அத்தனையும் இடப்பக்கம் சாய்ந்தது. சப்பரம் சாய்ந்தது, தடியர்கள் சாய்ந்தார்கள், “அம்மா தாயே” என்று பூசாரி சாய்ந்தார். உச்சியிலிருந்த அம்மன் அழகனின் வாசலை நோக்கி, பழைய தொரைமாரைக் கண்ட கங்காணியைப்போல இடுப்பு வளையக் குனிந்தாள். மாலை அறுந்தது. எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக உருண்டு அழகனின் காலடியில் வந்து நின்றன.

தேயிலைக்குள்ளிருந்து ஏறி வந்த கூட்டம் இதைக் கண்ணால் கண்டது. பெண்கள் குலவையிட்டார்கள். அழகன் இருமவே மறந்துவிட்டார்.

கோயில் வாசலில் பூசாரி அறிவித்தார். “இனிப் பூ கேக்கிறதுக்கு என்னா இருக்கு? அம்மாவே சொல்லிட்டா.”

கிருஷாந்தியை விட்டால், உண்மை அங்கே விஜிதரன் ஒருவருக்குத்தான் தெரியும். சொன்னால், அம்மனைக் குறையுள்ள வண்டியில் ஏற்றியவன் என்று பெயர் வரும். சொல்லாவிட்டால், கல்லில் அழகனின் பெயர் வரும். கல் ஜெயித்தது.

“அம்மா குனியல,” என்றார் விஜிதரன். “வண்டி சாஞ்சிச்சு. ஸ்வே பார் இல்ல.”

“இல்லாத சாமான் எப்படிங்கண்ணே சாய்க்கும்?” என்றான் தப்பு அடிக்கிற ஒருவன்.

“அது இருந்தாத்தான்டா சாயாது.”

அழகன் இரண்டு தடவை இருமினார். “விஜிதரன் தம்பி சொல்றது சரி. கம்பி இல்ல. ஆனா கழட்டணும்னு தம்பிக்குத் தோணிச்சே, அது யாரு செயல்? அந்தப் பள்ளத்துல நிறுத்திப் பேசச் சொன்னது யாரு? டிராக்டரப் பழுதாக்குனது யாரு?”

எல்லோரும் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார்கள். இந்த வாதத்துக்கு விஜிதரன் பார்த்த எந்த வீடியோவிலும் பதில் இருக்கவில்லை.

“சரி, வாங்க,” என்றார் அவர். “அதே முடக்குல ஓட்டிக் காட்டுறேன். சாமி இல்லாமலே சாயுதா இல்லையான்னு பாருங்க.”

நியாயமான பேச்சு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். சப்பரத்தை இறக்கினார்கள். அம்மன் உள்ளே போய் அமர்ந்தாள். பூசாரியும் தடியர்களும் இறங்கி முடக்கில் போய் நின்றார்கள். விஜிதரன் வெறும் ஜீப்பை எடுத்துக்கொண்டு வந்து, அதே வேகத்தில் திருப்பினார்.

வண்டி லேசாக அசைந்தது. யாரோ தூரத்துச் சொந்தக்காரனுக்குத் தலையசைக்கிற மாதிரி. அவ்வளவுதான்.

மறுபடியும் வந்தார், இன்னும் வேகமாக. டயர்கள் கத்தின. மறுபடியும் அதே தலையசைப்பு.

“பாத்தீங்களா,” என்றார் பூசாரி. “அம்மா இல்லேன்னா அது வெறும் இரும்புதான்.”

விஜிதரன் தலையை வெளியே நீட்டினார். “மேல பாரம் இல்ல பூசாரி. அதுதான் விஷயம். அவ்வளவு ஒசரத்துல மூணு ஆளு நின்னாத்தான் அந்தச் சாய்வு வரும். சப்பரத்தக் கட்டுங்க. யாராவது ஏறுங்க, இப்பவே காட்டுறேன்.”

ஒருவரும் நகரவில்லை. தடியர்களில் ஒருவன் மரியாதையாகவே சொன்னான்:

“இல்லீங்கண்ணே. கம்பி இல்லாத வண்டி, சாயும்னு நீங்கதானே சொன்னீங்க.”

“அப்ப நம்புறியா?”

“ஏறுறதுக்கு நம்புறேன். மத்ததுக்கு நம்பல.”

கிருஷாந்தி மட்டும் வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு நின்றாள். அழுகிறாள் என்று பக்கத்து வீட்டுக்காரி நினைத்துத் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

அன்று மாலையே அழகன் தலைவரானார். முதல் கூட்டத்தில் இரண்டு தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. ஒன்று, இனி வருடா வருடம் அம்மன் விஜிதரனின் ஜீப்பிலேயே வருவாள். இரண்டு, அம்மனின் விருப்பத்துக்கு மாறாக அந்த வண்டியில் எந்தக் கம்பியையும் பூட்டக் கூடாது.

விஜிதரன் பொங்கி எழுந்து வீட்டுக்கு வந்தார். தீர்மானமாவது மண்ணாவது, இப்போதே பூட்டுகிறேன் என்று ஸ்பேனர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தார்.

“அந்தக் கம்பியத் தொடாதீங்க,” என்றாள் கிருஷாந்தி. “ஒங்க வேட்டிதான் காயுது. நாளைக்குப் புதுத் தலைவருக்கு மாலை போடப் போகணுமில்ல?”

அன்று மாலை பிடித்த மழை தை பிறந்தும் ஓயாமல், கும்பாபிஷேகம் தள்ளிப்போனது. கல்வெட்டு வெட்டவில்லை. மழை விடாததால் வேட்டியும் காயவில்லை.