அஞ்சலாட்சியின் டம்ளரில் ஒரு லிட்டர்

1

இந்தக் கதை எனக்குக் காது வழியாக வந்தது. கத்திரி வெயில், மதிய நேரம். மாடியில் உட்கார்ந்து வேறொரு கதையை எழுதிக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டிலிருந்து, "யோவ், கீழ வைய்யா அத!" என்று ஒரு பெண்குரல். அடுத்து ஒரு சொம்பு சிமெண்டுத் தரையில் விழுந்து, உருண்டு, எதிலோ முட்டி நின்றது. பிறகு பேச்சே இல்லை. சண்டை என்றால் பதிலுக்கு ஒரு குரல் எழ வேண்டுமல்லவா? எழவில்லை. எழுதிக்கொண்டிருந்ததை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். அந்தக் கதை இன்னும் மூடித்தான் கிடக்கிறது.

என் பெயர் பொலின். முருங்கப்பாக்கத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்களுக்குப் பிறப்பு, திருமணப் பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுப்பது பிழைப்பு. கீழ்வீட்டில் தமிழ்மாறனும் அவர் மனைவி அஞ்சலாட்சியும். அவர் நோணாங்குப்பம் படகுத் துறையில் படகு ஓட்டுகிறார். பாரடைஸ் பீச்சுக்கு ஆட்களைக் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவார். அவள் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள்.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"தமிழ்மாறனின் இதயம், கரையில் ஏற்றிப் போட்ட பழைய படகைப் போல—"

இல்லை. படகோட்டியின் இதயத்தைப் படகு என்று சொல்வது, தையல்காரியின் வாழ்க்கையைக் கிழிசல் என்று சொல்வதற்குச் சமம். அடித்தேன்.

"ஒரு லிட்டர் என்பது ஆயிரம் மில்லி."

பொய் இல்லை. ஆனால் இதற்கு மேல் யார் படிப்பார்கள்?

"அவர் தண்ணீரைத் திருடிக் குடிக்கிறார் என்று அவள் நம்பினாள்."

இது இருக்கட்டும்.

(படகோட்டிக்குத் தண்ணீர் குடிக்கத் தடை என்றால், எழுதுகிறவள் வேண்டுமென்றே ஜோடித்தது போலத் தோன்றும் என்று எனக்கும் தெரியும். அதனால் ஒரு வரைவில் அவரைத் தட்டாஞ்சாவடியில் லேத் பட்டறைக்கு அனுப்பினேன். அங்கே அவர் வாயே திறக்கவில்லை. திரும்பக் கூப்பிட்டுப் படகிலேயே உட்கார வைத்துவிட்டேன்.)

3

பங்குனியில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. படுத்தால் முட்டியது, உட்கார்ந்தபடியே தூங்கினார். மருத்துவமனையில் சேர்த்தார்கள். இதயம் பலவீனமாகிவிட்டது, தள்ள முடியாத நீர் உடம்பில் கோத்துக்கொள்கிறது என்றார்கள். நீர் பிரிய மாத்திரை கொடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அஞ்சலாட்சியிடம் சொன்னாள்:

"எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டருதாம்மா. தண்ணி, டீ, மோரு, ரசம், எல்லாமே கணக்கு. டம்ளர்ல சொன்னா அஞ்சு டம்ளரு. தாண்டக் கூடாது."

அஞ்சலாட்சி அந்த ஐந்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்தவள் போல வந்தாள். தினமும் காலையில் சமையல் மேடையில் ஐந்து எவர்சில்வர் டம்ளர்களை வரிசையாக வைத்துத் தண்ணீர் ஊற்றி, தட்டு போட்டு மூடிவிடுவாள். டீ கொடுத்தால் ஒரு டம்ளரைக் கவிழ்த்துவிடுவாள். ரசம் ஊற்றினால் அரை டம்ளரைச் செடிக்கு ஊற்றுவாள். ஒரு மடக்கு கூடியதில்லை. தமிழ்மாறனும் கேட்டதில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டால் வாய் கொப்பளித்துத் துப்புவார்.

சித்திரையில் கால் மறுபடி வீங்கியது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து, எழ நேரமானது. மறுபடி மருத்துவமனை. எடையைப் பார்த்த டாக்டரின் முகம் கடுத்தது.

"தண்ணி ஜாஸ்தியா போயிருக்கேம்மா."

"இல்ல சார். அஞ்சே டம்ளர். நானே என் கையால குடுக்கறேன்."

டாக்டர் தமிழ்மாறன் பக்கம் திரும்பினார். "வூட்டம்மாவுக்குத் தெரியாம குடிக்கறீங்களா?"

"இல்ல சார்."

"இல்லன்னா இவ்ளோ ஏறாதே."

அப்போது அஞ்சலாட்சி தன் கணவனைப் பார்த்தாள். நான் அங்கே இல்லை. அவளே பிறகு சொன்னதுதான். "பாத்தேங்க்கா. அவரு என்னப் பாத்தாரு. நான் டாக்டர் பக்கம் சாஞ்சிட்டேன்னு அவருக்கு அப்பவே தெரிஞ்சி போச்சி."

4

[இடையில் ஒரு குறிப்பு. எங்கள் வீட்டில் காலைக் காப்பியைக் கப்பில் குடிப்பதில்லை. கைப்பிடி இல்லாத பெரிய பீங்கான் கிண்ணம். பிரெஞ்சில் 'போல்' என்போம். எந்த டாக்டராவது என்னிடம் எத்தனை காப்பி என்று கேட்டால், கூசாமல் "ஒண்ணு" என்பேன். அந்த ஒன்றில் டீக்கடைக் கிளாஸ் நான்கு அடங்கும். இத்தனைக்கும் நான் வாரம் முழுக்க ஒரு மொழியின் சொல்லுக்கு இன்னொரு மொழியில் சரியான சொல் தேடுகிறவள். கீழ்வீட்டில் நடப்பது எனக்கும் உறைக்கவில்லை.]

5

அதன் பிறகு அந்த வீட்டில் தண்ணீருக்குக் காவல் வந்தது. குளியலறைக் குழாயின் வால்வை அஞ்சலாட்சி வெளியிலிருந்து மூடினாள். அவர் குளிக்க வாளியில் ஊற்றிக் கொடுத்துவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றாள். துண்டைத் தொட்டுப் பார்த்தாள். மீசை ஈரமாக இருக்கிறதா என்று பார்த்தாள். அவர் தெருமுனை வரை நடந்தால், தையலைப் போட்டுவிட்டு டீக்கடை வரை எட்டிப் பார்த்தாள்.

தமிழ்மாறன் ஒன்றும் சொல்லவில்லை. மறைக்க ஏதோ இருப்பதால்தான் பேசவில்லை என்று அவள் நினைத்தாள்.

இந்த இடத்தில் எனக்கும் அவர்மேல் சந்தேகம் வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். ஒரு வரைவில் அவரைத் திருட்டுத்தனமாகக் குடிக்கவே வைத்தேன். துறைக்குப் போய்ப் பழைய கூட்டாளியிடம் பாட்டில் வாங்கி, அலையாத்தி மரங்களின் நிழலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு—

அந்த வாக்கியம் அழகாக வந்தது. ஆனால் அவர் குடிக்கவில்லை. அழகுக்காக ஒரு மனிதரைக் கள்ளனாக்க எனக்கு மனமில்லை.

சொம்பு விழுந்த மதியம், அவர் முகம் கழுவத்தான் சொம்பை எடுத்திருக்கிறார். அது வாய்க்குப் போகிறது என்று அஞ்சலாட்சி நினைத்தாள். ஓடிவந்து தட்டிவிட்டாள். நான் இறங்கிப் போனபோது தண்ணீர் தரையெல்லாம் பரவியிருந்தது. அவர் சட்டை நனைந்து நின்றார்.

"திருடி குடிக்கறதுக்குச் செத்துப் போலாம்," என்றாள் அவள், என்னைப் பார்த்தும் தயங்காமல்.

அவர் மெதுவாகச் சமையல் மேடைக்குப் போனார். அன்றைக்கு மிச்சமிருந்த டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார்.

"இனிமே நீ குடுக்கறதும் வேணாம்," என்றார். "மாத்திர மட்டும் குடு. எச்சில்லயே முழுங்கிக்கறேன்."

6

கோபத்தில் சொன்னது, சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. இரவுச் சாப்பாட்டைக் கட்டியாகச் சாப்பிட்டார். மோரைத் தொடவில்லை. மறுநாள் காலையிலும் அப்படியே. மாத்திரையை மட்டும் வாயில் போட்டு, கழுத்து நரம்பு புடைக்க முழுங்கினார். உள்ளே தண்ணீர் போகவில்லை. உள்ளே இருந்ததை மாத்திரை இறக்கிக்கொண்டே இருந்தது. வெளியே அனல்.

நான் போய்க் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். "தம்பி, ஒரு வாய் குடிங்க. எனக்காக."

உதடு வெடித்திருந்தது. குரல் கரகரத்தது. "அக்கா, கழிமொகத்துல காத்து திரும்பும். படகு ஆடும். கைக்கொழந்தையோட ஏறி உக்காந்திருப்பாங்க. நீச்சல் தெரியாது, என் பேரு தெரியாது. என் மூஞ்சியப் பாப்பாங்க. 'ஒண்ணும் ஆவாது, உக்காருங்க'ன்னு சொல்வேன். நம்பிடுவாங்க." நிறுத்தி மூச்சு வாங்கினார். "இவ என் கூடத்தான் இருக்கா, இத்தினி வருசமா."

அஞ்சலாட்சி வாசற்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

7

என் முதல் வரைவில், டம்ளரைக் கையில் எடுத்து, புருவத்தைச் சுருக்கி, "அஞ்சல, இந்த டம்ளர் எத்தனை மில்லி?" என்று கேட்டவள் நான். எழுதும்போது நன்றாக இருந்தது. நடந்தது அப்படி இல்லை. கண்டுபிடித்தவள் அவள்.

அன்று மதியம், பாலாவது குடிப்பாரா என்று அரை லிட்டர் பாக்கெட்டை எடுத்தாள். பால் சட்டி அடிப்பிடித்து ஊறிக்கொண்டிருந்தது. சரி, இப்போதைக்கு என்று அவர் டம்ளரிலேயே ஊற்றினாள். நிறைந்தது. இன்னொரு டம்ளரை எடுத்தாள். பாதியில் பாக்கெட் தீர்ந்தது. பிழிந்து பார்த்தாள். ஒழுகிவிட்டதோ என்று கீழே பார்த்தாள். ஒழுகவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து இன்னொரு பாக்கெட்டை எடுத்து வெட்டினாள். பாதி டம்ளர் நிறைந்து, மூன்றாவது டம்ளரும் நிறைந்து, அதுவும் தீர்ந்தது.

இரண்டு அரை லிட்டர். மூன்று டம்ளர்.

பால் தளும்பும் டம்ளரோடு படியேறி வந்தாள். கை, முழங்கை வரை பால்.

"அக்கா, ஒரு லிட்டருக்கு எத்தினி டம்ளரு?"

"அஞ்சுன்னுதான நர்ஸ் சொன்னா?"

"அது அவங்க டம்ளரு. அவங்க டம்ளர்ல எத்தினி மில்லி?"

"இருநூறா இருக்கும்."

"எங்க வூட்ல மூணுதான் புடிக்குதுக்கா. மூணே மூணு."

நான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அவளுடைய ஒரு டம்ளர், முந்நூற்று முப்பதுக்குக் குறையாது. ஐந்து டம்ளர் என்றால் ஆயிரத்து அறுநூற்றைம்பது. ஒரு நாளில் அறுநூற்றைம்பது மில்லி கூடுதல். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அவரு திருடலக்கா. நான்தான் ஊத்திக் குடுத்திருக்கேன். தட்டு போட்டு மூடி மூடிக் குடுத்திருக்கேன்."

"எழுந்திரு. போய்ச் சொல்லு. இப்பவே சொல்லு."

"எப்பிடிக்கா சொல்லுவேன்?"

அதற்குள் கீழே கட்டில் நகரும் சத்தம் கேட்டது. அப்புறம், கனமான ஒன்று விழும் சத்தம்.

8

கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் எங்களைப் பார்க்கவில்லை. அஞ்சலாட்சி அவர் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, டம்ளரை எடுக்கக் கை நீட்டினாள். பாதியில் கை நின்றது. கொடுக்கலாமா? எவ்வளவு கொடுக்கலாம்? எதை வைத்து அளப்பது? அந்த நிமிடம் அவள் முகத்தில் இருந்த பயத்தை எழுத நான் பலமுறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் வாக்கியம் பாதியில்—

ஆட்டோவில் போனோம். மரப்பாலம் சிக்னலில் நின்றபோது அவள் அவர் காதருகே குனிந்து, "ன்னாங்க, ன்னாங்க," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதே டாக்டர்தான். ரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கியிருந்தது. "எவ்ளோம்மா குடிச்சாரு?" என்று கேட்டார்.

"நேத்து மத்தியானத்துலேருந்து ஒண்ணுமே குடிக்கல சார். அதுக்கு முந்தி அஞ்சு டம்ளர். எங்க டம்ளர்ல அஞ்சு, உங்க கணக்குல எட்டு." குரல் உடையாமல் சொன்னாள். "அவரு திருடல."

டாக்டர் ஒருகணம் அவளைப் பார்த்தார். நர்ஸ் பக்கம் திரும்பி, "டிரிப் போடுங்க. மணிக்கு அம்பது மில்லி, அதுக்கு மேல விடாதீங்க. கொறஞ்சாலும் ஆபத்து, கூடுனாலும் ஆபத்து," என்றார். பிறகு மெதுவாக, "டம்ளரைக் கேட்டிருக்கணும்," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

சொட்டு, சொட்டாக இறங்கியது. நாங்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

9

(பயப்பட வேண்டாம், பிழைத்துவிட்டார். இப்போது துறையில் டிக்கெட் கிழிக்கும் இடத்தில் நிழலில் உட்கார்ந்திருக்கிறார். படகு ஓட்ட டாக்டர் இன்னும் விடவில்லை. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கதையை எழுதட்டுமா என்று கேட்டபோது தமிழ்மாறன், "எழுதுங்க. என்ன நல்லவனா காட்டறேன்னு எதையும் சேக்காதீங்க," என்றார். அஞ்சலாட்சி தைத்துக்கொண்டே இருந்தாள்.)

எனக்கு எழுதக் கைவராதது அன்று சாயங்காலம் வார்டில் நடந்தது.

அவருக்கு நினைவு தெளிந்துவிட்டது. நர்ஸ் ஒரு சின்ன அளவுக் கோப்பையில் முப்பது மில்லி தண்ணீர் கொண்டுவந்து, "குடுங்க, குடிக்கலாம்," என்று அஞ்சலாட்சியிடம் கொடுத்தாள். அவள் அதை அவர் உதட்டருகே கொண்டுபோனாள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அவள் சொன்னாள். பாக்கெட், டம்ளர், மூன்று, ஐந்து, எல்லாம். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் கூரையைப் பார்த்தபடி கேட்டார். முடிந்ததும் தலையைத் திருப்பினார்.

"அப்ப, நான் குடிக்கலன்னு ஒனக்குப் பால் பாக்கெட்டு வந்துதான் சொல்லணுமா, அஞ்சல?"

கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அந்த நேரம் பார்த்து நர்ஸ் என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்து, கீழே மருந்துக்கடைக்குப் போகச் சொன்னாள். போனேன். வரிசை நீண்டது. திரும்பி வந்தபோது கோப்பை காலியாக இருந்தது. அவர் தாடையில் ஒரு சொட்டு நின்றது. அதை அவள் விரலால் துடைத்தாள்.

நடுவில் அவள் என்ன சொன்னாள் என்று இருவருமே எனக்குச் சொல்லவில்லை. நான் எழுதிப் பார்த்தேன். "டாக்டரே சொன்னாரேங்க" என்று ஒன்று. "நீ செத்துடுவியோன்னு பயந்தேன்யா" என்று ஒன்று. ஒன்றுமே சொல்லாமல் அழுதாள் என்று ஒன்று. மூன்றையும் அவரிடம் உரக்கப் படித்துக் காட்டுவது போல் நினைத்துப் பார்த்தேன். மூன்றுக்கும் அவர் வாய் திறக்கவில்லை.

கட்டிலின் கால்மாட்டில் என் நாற்காலி அவ்வளவு நேரம் காலியாகத்தான் கிடந்தது. போய் உட்காருங்கள். இல்லை, நாற்காலி வேண்டாம், கட்டிலிலேயே படுத்துக்கொள்ளுங்கள். உதடு வெடித்திருக்கிறது. கோப்பை பக்கத்தில் வந்துவிட்டது. அவள் உங்கள் முகத்தைப் பார்க்கிறாள், பேசப் போகிறாள்.

என்ன சொன்னால் குடிப்பீர்கள்?