கட்டைப் புஷ்

லிஃப்ட் மெக்கானிக் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது கொட்டகையில் காரைக் காணோம்.

மூன்று வருஷமாக அவரே குழாயை வளைத்து, பற்றவைத்துக் கட்டிய கார். போன வாரம்தான் பழைய இரும்புக்கடையில் ஒரு பந்தயக் காரிலிருந்து கழற்றிய ஷாக் அப்சார்பர் ஒரு ஜோடி கிடைத்தது. திருகினால் இறுக்கமும் இளக்கமும் மாற்றிக்கொள்கிற ரகம். ஸ்பிரிங்கும் அதிலேயே. ஒரே குறை, அடியில் போல்ட்டு நுழைகிற கண்ணில் ஓட்டை பெரிசு, இவருடைய போல்ட்டு சின்னது. நடுவில் இடைவெளியை அடைக்க புஷ் என்கிற குழல் வளையம் வேண்டும். லேத்துக்காரர் கடைந்து தர நாலு நாள் கேட்டார். அதுவரை உயரம் சரியா என்று பார்க்க, துடைப்பக் கட்டையை அறுத்துத் துளை போட்டுச் சொருகியிருந்தார். லிஃப்ட் வேலையில் பழகினபடி, இன்னும் முடிக்காத வேலை என்பதற்கு அடையாளமாக இரண்டு முன்சக்கரத்திலும் சிவப்புத் துணி கட்டிவைத்தார்.

அந்தத் துணி இரண்டும் இப்போது தரையில் கிடந்தன. கடைந்த இரும்புப் புஷ் இரண்டும் இவருடைய சட்டைப் பையில் இருந்தன.

மனைவிக்கு போன் போட்டார். சமையலறையில் மணி அடித்தது. அவள் தம்பிக்குப் போட்டார், எடுக்கவில்லை. அவனுக்கு வீட்டில் 'அவசரம்' என்றே பேர்.

காரின் முன்பாரம் முழுக்க இரண்டு துண்டு துடைப்பக் கட்டைமேல் நிற்கிறது. அது நொறுங்கினால் போல்ட்டு முறியும். காரின் உடம்பு சக்கரத்தின்மேல் உட்கார்ந்துவிடும்.

தெருமுனைக்கு ஓடினார். ஏரிக்கரை மேட்டிலிருந்து கார் இறங்கி வந்துகொண்டிருந்தது. ஓட்டுவது மச்சான். மனைவி பக்கத்து சீட்டில், தலைமுடி பறக்க.

கையைத் தூக்கிவிட்டார். கத்த வாயும் திறந்துவிட்டார். அப்போதுதான் புத்தியில் உறைத்தது: இவர் கத்தினால் அவன் சடாரென்று பிரேக் அடிப்பான். பிரேக் அடித்தால் பாரம் எல்லாம் முன்னால் சாயும்.

தூக்கின கையை மெதுவாக இறக்கினார். ஓரமாக நின்றார். சிரித்தார். உள்ளங்கையைத் தரைப்பக்கம் காட்டி, குழந்தையைத் தட்டித் தூங்கவைப்பதுபோல, மெதுவா மெதுவா என்று ஆட்டினார்.

கார் நெருங்கியது. டக், டக் என்று ஒரு சத்தம். அவன் வேகத்தைக் குறைத்து, உருட்டிக்கொண்டே வந்து பக்கத்தில் நிறுத்தினான்.

"என்ன மாமா, பஸ்சுக்கு நிக்கிறீங்களா? ஏறுங்க, டிக்கெட் இல்ல!"

"எறங்கு. அக்காவ எறக்கு. மெதுவா எறங்குங்க ரெண்டு பேரும்."

"துணி சக்கரத்துல சுத்திக்கும்னு அவுத்துட்டேன். கோவமா?"

மண்டிபோட்டுக் குனிந்தார். இடதுபக்கக் கட்டை ரெண்டாகப் பிளந்து, ஒரு பாதி எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. போல்ட்டு லேசாக வளைந்திருந்தது. மச்சானும் எட்டிப்பார்த்தான்.

"மாமா... இது துடைப்பக் கட்டையா?"

"ஆமாண்டா."

மனைவி குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து இவரைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுகிட்டேதான் அங்க பல்லக் காட்டிட்டு நின்னீங்களா?"

"கத்துனா இவன் பிரேக்க அழுத்திருவான். அதான்... சிரிச்சேன்."

"துணி கட்டினா உங்களுக்குத் தெரியும். எங்களுக்கு எப்படித் தெரியும்? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்றதுக்கு என்ன?"

அவர் அப்படியே ரோட்டு ஓரம் உட்கார்ந்துவிட்டார். அவள் முறைத்தாள். பிறகு அவர் கையை எடுத்துப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. விடாமல் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தள்ளிட்டே வீட்டுக்குப் போலாமா மாமா?" என்றான் அவசரம், முதல் தடவையாக மெதுவான குரலில்.

"தள்ளவும் வேணாம்," என்றார். "புஷ் பையிலயே இருக்கு. வீட்டுலேர்ந்து ஜாக்கியும் ஒரு புது போல்ட்டும் எடுத்துட்டு வா. நடந்து போ."