பச்சை இன்ஜினின் எடை

பச்சை இன்ஜின் திரும்பி வந்த அன்று அதைச் சமையலறைத் தராசில் வைத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு கிராம். அதை வைக்கும் அட்டைப்பெட்டிக்கு அடியில் என் கணவர் பென்சிலால் எழுதியிருந்ததோ முந்நூற்று நாற்பது.

எட்டு பொம்மை ரயில் இன்ஜின்களையும் அவர் என் தராசில்தான் நிறுப்பார். மாவு நிறுக்கிற தட்டில் எண்ணெய்க் கறை ஆகிறது என்று கத்துவேன். எடை போதாவிட்டால் மேட்டில் சக்கரம் வழுக்குமாம். அதற்காக உள்ளே ஈயத் துண்டுகளை ஒட்டுவார். மாடி அறையை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய பலகை, அதன்மேல் தண்டவாளங்கள், ஓரத்தில் முப்பத்திரண்டு சுவிட்ச். எது எந்தத் தடத்துக்கு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். எழுதி வைக்காமலே போய்விட்டார். ஏழு மாதம் ஒரு வண்டியும் ஓடவில்லை.

கொழுந்தன்தான் வழி சொன்னார்.

"ஒவ்வொரு இன்ஜினுக்குள்ளயும் ஒரு சிப் வெச்சிடலாம் அண்ணி. அப்புறம் எல்லாமே போன்லதான். நீங்க சொல்ற வண்டி மட்டும் நகரும்."

"உங்க அண்ணனே என் பேச்சைக் கேட்டதில்ல. அவர் வண்டியா கேட்கப்போவுது?"

மறுபடி மாடியில் வண்டி ஓடும் சத்தம் கேட்கும் என்பதற்காகச் சம்மதித்தேன். ஆனால் ஒன்றைக்கூடக் கொழுந்தன் இங்கே வைத்துத் திறக்கவில்லை. ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றித் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். போனில் சொன்னதும் என் அக்கா குரலைத் தாழ்த்தினாள். "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாரு. பழைய இன்ஜினுக்குன்னே அலையற ஆளுங்க இருக்காங்க."

முதல் மூன்று இன்ஜின்கள் இரண்டு மூன்று கிராம் கூடித்தான் வந்தன. அது சிப்பின் எடை. பச்சை மட்டும் இளைத்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன அன்று காலையில் என் கணவர் கடைசியாக ஓட்டியது அதைத்தான். மூக்கருகே கொண்டுபோனேன். புதுப் பெயிண்ட் வாசனை.

மறுநாள் கொழுந்தன் வந்து உட்கார்ந்ததும் அதை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"தம்பி, இது இளைச்சிருக்கே?"

"என்ன அண்ணி, காய்கறி மாதிரி நிறுத்துப் பாத்தீங்களா?" என்று சிரித்தார்.

"இருபத்தெட்டு கிராம் குறையுது."

"சிப்புக்கு இடம் வேணும்ல? ஈயத்தை எடுத்துட்டேன்."

"அந்த ஈயத்தைக் குடுங்க."

"அது... எங்கயோ போட்டுட்டேன்."

"சரி, ஓட்டிக் காட்டுங்க."

மாடிக்குப் போனோம். வழக்கமாக அது இழுக்கும் ஆறு பெட்டிகளை நானே மாட்டினேன். அவர் போனைத் தடவினார். பாதி மேட்டில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றார்.

"இது அவரோடது இல்ல. அதை யாருக்குக் குடுத்தீங்க?"

"யாருக்கும் குடுக்கல அண்ணி. எரிச்சிட்டேன்."

பழைய இன்ஜின்களில் மோட்டாரின் ஒரு முனை உலோக அடிச்சட்டத்தோடு சேர்ந்திருக்குமாம். அதைப் பிரித்துவிட்டுத்தான் சிப்பை இணைக்க வேண்டும். முதல் மூன்றும் புதியவை என்பதால் அந்த வேலை இல்லை. அதே நினைப்பில் இதிலும் கம்பியைச் சேர்த்துவிட்டார். மின்சாரம் கொடுத்ததும் புகை. பிறகு இதேபோல் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பச்சை அடித்திருக்கிறார்.

"வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அப்புறம் மாடிப்படி ஏற விடுவீங்களா? அண்ணன்கூட நான் உக்காந்து பேசினதெல்லாம் இந்த ரூம்லதான்."

கதை பொருத்தமாகத்தான் இருந்தது. பொருத்தமாக இருந்ததே எனக்கு உறுத்தியது.

"எரிஞ்சதைக் கொண்டு வாங்க. மீதி நாலையும் இங்கேயே, என் கண்ணு முன்னாடி பண்ணுங்க."

அன்று மாலையே கொண்டுவந்தார். கூரை மெழுகுபோல மடங்கியிருந்தது. உள்ளே ஈயத் துண்டுகள் அப்படியே. காய்ந்த பசையில் என் கணவரின் கட்டைவிரல் பதிந்திருந்தது. கொஞ்ச நேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். கொழுந்தன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்தாவது இன்ஜினை ஹால் மேஜையில் வைத்துத் திறந்தார். மோட்டார் முனையைப் பிரித்து, இரண்டும் ஒட்டியிருந்தால் சத்தம் போடும் மீட்டரை வைத்துக் காட்டினார்.

"பாருங்க, பீப் சத்தம் வரல. சட்டத்தோட ஒட்டல. ஒரு காபி கிடைக்குமா அண்ணி?"

"மூடியை மாட்டி, கடைசி ஸ்க்ரூவையும் முடுக்குங்க. அப்புறம் போடறேன்" என்றேன்.