மதாமுக்குச் சொன்ன வார்த்தை

நாயிடம் பிரெஞ்சு பேச எனக்கு எட்டு நாள் போதும் என்றதும் பங்களாச் சமையல்காரர் பொன்னுவேல் சிரித்தார். சிரிக்கட்டும். ஒரு பாத்தி பூண்டு நட்டு முடிப்பதற்குள் ஊர்க்கதை முழுவதையும் மனதில் ஏற்றிக்கொள்கிறவள் நான்.

பாண்டிச்சேரி நம் கைக்கு வந்த மறு வருஷம் அது. எங்கள் மலையில், ஏரிக்கு மேலே பங்களாவில் இருந்த பிரெஞ்சுக்கார மதாம், புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு, பிரான்சுக்கே கப்பலேறுவதாக இருந்தார். அவருடைய கிழட்டு நாய் பிலூவுக்கு இரண்டு கண்ணும் தெரியாது. பேச்சை வைத்துத்தான் நடக்கும், அதுவும் பிரெஞ்சுப் பேச்சு. அந்தப் பேச்சில் அதை நடத்திக்காட்ட ஆள் கிடைத்தால் கொடுப்பது, இல்லையென்றால் டாக்டரைக் கூப்பிட்டு ஊசி போட்டு முடித்துவிடுவது என்று மதாம் சொல்லிவிட்டார். பொன்னுவேலுக்குப் பிரெஞ்சு தண்ணீர் பட்ட பாடு, ஆனால் நாயென்றால் ஆகாது. நான் காய்கறி கொண்டுபோகும்போதெல்லாம் கூடைக்குள் மூக்கை விட்டுக் கேரட் கேட்கிற ஜீவன் அது. ஊசிக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பொன்னுவேல் சொல்லிக்கொடுத்ததை, எங்கள் ஊர் பேத்துப்பாறையில் பூண்டு நட்டுக்கொண்டே படித்தேன். ஒரு பல்லுக்கு ஒரு வார்த்தை. 'அலோன்' என்றால் போகலாம். 'தூஸ்மான்' என்றால் மெதுவாக. 'ரெஸ்த்', அங்கேயே நில். 'வியான்', வா. பாத்தி முடிந்தால் மறுபடி அலோன்.

"ஏண்டி அழகம்மா, பூண்டுக்கா மந்திரம் ஓதுற?" என்றாள் பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த ராக்காயி.

"ஆமா, வெரசா முளைக்கட்டும்னுதான்" என்றேன்.

ஒன்பதாம் நாள் காலை மதாம் கயிற்றை என் கையில் கொடுத்தார். "அலோன்" என்றேன். பிலூ நடந்தது. இறக்கத்தில் "தூஸ்மான்" என்றதும் நடையைக் குறைத்தது. பொன்னுவேலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆனால் பத்தடி போனதும் நின்றுவிட்டது. மறுபடி அலோன் சொன்னேன், பத்தடி போய் மறுபடி நின்றது. காது பின்பக்கம் திரும்பியிருந்தது. எங்களுக்குப் பின்னால் மதாமின் ஷூ சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மதாம் முகம் வெளுத்துவிட்டது. நடக்காது என்று தலையை ஆட்டி, கயிற்றை வாங்கக் கை நீட்டிக்கொண்டே வந்தார். கொடுத்தால் ஊசிதான். நான் அவர் கண்ணைப் பார்த்து "ரெஸ்த்" என்றேன்.

"என்னம்மா இது? அது நாய்கிட்டச் சொல்றது" என்று பொன்னுவேல் பதறினார்.

"தெரியும்ங்க. எனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு அம்புட்டுத்தான்."

மதாம் நின்றார். கையை மெல்ல மடக்கிக்கொண்டார். பிலூ அந்த ஷூ சத்தத்துக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தது. வரவில்லை. "அலோன்" என்றேன். என் காலோடு உடம்பை ஒட்டிக்கொண்டு பத்தடி நடந்தது, இருபதடி நடந்தது, வளைவு வரைக்கும் நிற்காமல் வந்தது.

வளைவில் திரும்பிப் பார்த்தேன். நான் நிறுத்திய இடத்திலேயே மதாம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். வா என்று கூப்பிடுகிற வார்த்தையும் எனக்குத் தெரியும். அதை மட்டும் நான் சொல்லவில்லை.