கழுத்துப் படம்

தகப்பனின் கழுத்தில் வெள்ளைத் துணியை மூன்று சுற்றுச் சுற்றியும் ஜெயம்மாளுக்கு அந்தக் கருப்புப் பொருக்கு தெரிவதாகவே இருந்தது. இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

"போதும்மா, மூச்சு முட்டப்போவுது," என்றாள் தாய் அன்னம்மாள். சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது.

தகப்பன் தனகோடி ஆம்பூர்த் தோல்ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் பச்சைத்தோல் சுமந்தவர். மகள் வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர். போன ஞாயிறு வந்தவளிடம் கழுத்தைக் காட்டினார். "வலியே இல்ல பாப்பா. ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்." அவளும் பார்த்தாள், களிம்பு தடவிவிட்டு ரயிலைப் பிடித்தாள். வியாழக்கிழமை தந்தி கிடைத்து ஓடி வந்தபோது கழுத்தும் முகமும் ஒன்றாக வீங்கியிருந்தன. மாட்டைக் கொல்லும் அடைப்பான் நோய், தோல் வழியாக மனுஷனுக்கு வந்திருந்தது. வெள்ளி விடியலில் முடிந்துவிட்டது.

வாசலில் கார் நின்றது. ஜெயம்மாளின் ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர் கோதண்டராமன் இறங்கினார். மாலை கொண்டுவரவில்லை, சுருட்டிய படம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார்.

ஒரு நோய்க்கு ஒரு படம் என்பது அவர் கொள்கை. பயிற்சி டாக்டர்கள் பல் துலக்கும்போதும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமென்று விடுதிச் சுவரெல்லாம் மாட்டிவைத்திருந்தார். சீமைப் புத்தகத்தைப் பார்த்து அவற்றை வரைந்தவள் ஜெயம்மாள், அடியில் கையெழுத்து அவருடையது. சில படங்களில் நோயைவிடக் கையெழுத்து பெரிது.

"ஜனங்க கூடியிருக்காங்க, நல்ல சமயம்," என்று அவர் படத்தை விரித்தார். ஒரு முனையை, தனகோடியோடு தோல் சுமந்த சத்தார் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "இதான் அடைப்பான் புண்ணு. நடுவுல கரி மாதிரி கருப்பு. வலிக்காது. இந்தப் படத்தை ஒரு தரம் பார்த்தவன் எவனும் ஏமாற மாட்டான். முட்டாள்கூட கண்டுபிடிச்சிடுவான்."

படத்தில் ரோஜா நிறத்தில் ஒரு முழங்கை. அதில் பொட்டு வைத்தாற்போல் புண்.

அன்னம்மாள் மகளைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை அவர் கழுத்தைக் காட்டிய பேச்சு அவள் வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டு, புருஷனின் போர்வையைச் சரிசெய்தாள்.

சத்தார் படத்தையே உற்றுப் பார்த்தார். "இது யார் கை சார்? தொரை கையா?"

"யார் கையா இருந்தா இன்னாய்யா?"

"தொரை எங்க சார் தோல் தூக்குறாரு? நாங்க தோள்ல போட்டுத் தூக்குறோம். ஈரத்தோல் கழுத்துலதான் உரசும். எங்க ஆளுக்கு முழங்கையில இன்னாத்துக்கு வரப்போவுது?"

கோதண்டராமன் கடிகாரத்தைப் பார்த்தார். ராணிப்பேட்டையில் இன்னொரு கூட்டம் இருந்தது. படத்தை அங்கேயே விட்டுவிட்டுக் காரேறினார்.

சவப்பெட்டி வந்தது. தனகோடியை உள்ளே கிடத்தினார்கள். மூடியில் ஆணி அடிக்க ஆசாரி சுத்தியலை எடுத்தார்.

"கொஞ்சம் இருங்கண்ணே," என்றாள் ஜெயம்மாள். "அந்தப் பென்சிலைக் குடுங்க."

ஆசாரி காதிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தார். அவள் தகப்பனின் கழுத்துத் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். யாரோ ஒருத்தி அழத் தொடங்கினாள். ஜெயம்மாள் படத்தைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தை மடியில் விரித்தாள்.

சத்தார் பிடித்திருந்த மூலையில் அவர் கட்டைவிரலிலிருந்த, தோல் பதனிடும் ஆவாரம்பட்டைக் கறை பழுப்பாகப் பதிந்திருந்தது. அவள் அங்கிருந்து கழுத்தை வரையத் தொடங்கினாள்.