அக்காவுக்கு வந்த பெட்டிச் சாப்பாடு

எடை மெஷின் மேல் ஏறி நின்ற அக்கா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மூச்சைப் பிடித்தால் எடை குறையும் என்று எந்தப் புண்ணியவதி சொல்லிக்கொடுத்தாளோ. நர்ஸ் எண்ணைப் பார்த்தாள், கம்ப்யூட்டரைப் பார்த்தாள், மறுபடியும் எண்ணைப் பார்த்தாள். போன தடவையைவிட அரை கிலோ கூடியிருந்தது.

"பத்து கிலோ குறைஞ்சாதான் கத்தி வைப்பேன்னு சொன்னேன்ல?" என்றார் டாக்டர். கேட்டது அக்காவை இல்லை, என்னை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அது நெற்றியில் ஒட்டியிருக்கும் போல. எங்கே போனாலும் அக்காவை உட்கார வைத்துவிட்டு என்னிடம்தான் பேசுவார்கள், வாங்கிக்கட்டிக்கொள்வதும் நான்தான்.

சின்னப் பிள்ளையைப் பெற்றெடுக்க வயிற்றைக் கீறினார்களே, அந்த இடத்தில் தசை விட்டுப்போய்க் குடல் பிதுங்கிக்கொண்டிருக்கிறது. சட்டைக்குள் ஒரு எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்த மாதிரி இருந்தது, இப்போது ஆரஞ்சு ஆகிவிட்டது. அக்காவுக்கு வேலை ஒரு தங்கும் விடுதியின் சலவை அறையில். மெஷினிலிருந்து ஈரப் போர்வையை உருவும்போது இடது கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டு வலது கையால் இழுப்பாள். இந்த எடையோடு தைத்தால் தையல் பிரிந்துவிடும் என்கிறார் டாக்டர். தைக்காமல் விட்டால் என்றைக்காவது குடல் முறுக்கிக்கொள்ளும், அப்புறம் உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்பதும் அவர் சொன்னதுதான். முதல் தடவை போனபோதே வாயைக் கட்டுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். எப்படிக் கட்டுவது என்று சொல்லவில்லை.

அதனால் நான் கண்டுபிடித்ததுதான் பெட்டிச் சாப்பாடு. எடை குறைப்பவர்களுக்கென்றே சமைத்து, அளந்து, உறைய வைத்து, வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிற கம்பெனி. மூடியில் எத்தனை கலோரி என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். சூடு பண்ண வேண்டும், மூடிக்குக் கீழே உள்ள தாளைக் கிழிக்க வேண்டும், சாப்பிட வேண்டும். யோசிக்க ஒன்றும் இல்லை. நான்கு பேருக்கு மூன்று வேளையும் சமைத்துக்கொண்டே யோசித்து யோசித்துக் களைத்துப்போனவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? என் முதல் போனஸ் அதற்குத்தான் போனது.

அக்காவுக்கும் பிடித்துப்போயிற்று. வேலைக்கு ஒரு பெட்டி, ராத்திரிக்கு ஒரு பெட்டி. பெட்டிகள் பிரிஜ்ஜில் மேல்தட்டை முழுசாகப் பிடித்துக்கொள்ள, ஐஸ்கிரீம் வைக்க இடமில்லை என்று பெரியவன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். போனில் கேட்கும்போதெல்லாம் அக்கா ஒரே பதில்தான் சொன்னாள்: பெட்டியைத் தவிர வேறு சாப்பாடு இல்லை. அரை கிலோ கூடிய அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸிலும் அதையேதான் சொன்னாள், என் தலையில் கை வைத்து.

நான் நம்பினேன். நம்பி, கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடித்தேன். எடுத்த பெண், வாடிக்கையாளர் திட்டத்தை முழுமையாகப் பின்பற்றினாரா என்று கிளிப்பிள்ளை மாதிரித் திரும்பத் திரும்பக் கேட்டாள். என் அக்கா பொய் சொல்ல மாட்டாள் என்று கத்திவிட்டு வைத்தேன். வைத்த பிறகு எங்கேயோ லேசாக உதைத்தது. லீவு போட்டுவிட்டு, துணிப்பையோடு அக்கா வீட்டுக்குப் போய் இறங்கினேன்.

சாயங்காலம் மாமா, பிள்ளைகள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்காவும் பெட்டியோடு உட்கார்ந்தாள். மூன்று குழிகள்: ஒன்றில் கோழித்துண்டு, ஒன்றில் பட்டாணி, ஒன்றில் ஒரு கரண்டி சோறு. அவசரமே இல்லாமல், விருந்தாளி மாதிரிச் சாப்பிட்டாள். பிறகு எழுந்து தட்டுகளை அடுக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

பெரியவன் விட்ட ரொட்டி ஓரம் அவள் வாய்க்குப் போனது. சின்னது கடித்து வைத்த முட்டை போனது. மாமா தட்டில் பிசைந்து மிச்சம் வைத்த சோற்றை மூன்று விரலால் வழித்து அதையும் போட்டுக்கொண்டாள். சட்டியின் அடியில் ஒட்டியிருந்ததைக் கரண்டியால் சுரண்டினாள், அதுவும் உள்ளே. கண் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

"என்னக்கா பண்ற?"

"பாத்திரம் கழுவுறேன். ஏன்?"

கையும் களவுமாகப் பிடித்துவிட்டதாக நான் நினைத்தேன். அவள் முகத்தில் திருட்டுத்தனமே இல்லை. அப்போதுதான் உறைத்தது. அவள் பொய் சொல்லவில்லை. சாப்பாடு என்றால் தட்டு போட்டு உட்காருவது. இது சாப்பாட்டில் சேர்த்தி இல்லை, துடைக்கிற வேலை. எங்கள் அம்மாவும் இப்படித்தான் துடைத்தாள். சோற்றைக் குப்பையில் கொட்டினால் கை முறியும் என்று சொல்லி வளர்த்தாள். அந்தக் கம்பெனிக்காரன் எதை எதையோ அளந்தான், இதை எந்தக் கணக்கில் வைப்பான்?

எனக்கு வந்த கோபம் மாமா மேல் திரும்பியது. அவரவர் தட்டைக் கழுவினால் கை தேய்ந்துவிடுமா என்று கேட்டேன். "படிச்ச புள்ள வந்துட்டா, இனிமே நம்ம வீட்ல கோர்ட்டுதான்" என்று பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தார். ஆனால் எழுந்து கழுவினார். அதைச் சொல்லியாக வேண்டும்.

மிச்சத்தை நிறுத்தியதும் எடை இறங்கியது. கூடவே அக்காவும் விழுந்தாள். சலவை அறையில் தலை சுற்றி, மடித்து வைத்திருந்த துண்டுகள் மேலேயே சாய்ந்துவிட்டாள். சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். யானைப் பசிக்குச் சோளப்பொரி. பெட்டியின் அளவு என்னை மாதிரி ஆபீசில் சக்கரம் வைத்த நாற்காலியில் உருண்டுகொண்டு கீபோர்டு தட்டுகிறவளுக்குப் போட்டது, ஈரப் போர்வை இழுக்கிறவளுக்கு இல்லை. அத்தனை நாளாக இவளை நிறுத்தி வைத்திருந்ததே அந்த எச்சில் தட்டுகள்தான். மூடியின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில், உடலுழைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்கவும் என்று போட்டிருந்தான். மனுஷன் படிக்கிற எழுத்தா அது?

பெட்டியை நிறுத்திவிடலாம் என்றேன். கட்டிலில் படுத்திருந்த அக்கா சட்டென்று திரும்பினாள்.

"வேணாம்டி. நிறுத்தாத."

"அவ்வளவு ருசியாவா இருக்கு?"

"ருசியா? சோப்புத் தண்ணில வேக வச்ச மாதிரி இருக்கு." தலையணையைச் சரி பண்ணிக்கொண்டாள். "அதுக்கு மூடி இருக்குல்ல. மேல என் பேரு போட்டிருக்கு. அம்மா ஒரு வாய், எனக்கு ஒரு துண்டுன்னு யாரும் வரல. சூடா, உக்காந்து, முழுசா நான் சாப்பிட்டது அது ஒண்ணுதான்."

பட்டம் வாங்கித் தந்த படிப்பில் இந்தப் பாடம் இல்லை.

ஆனாலும் அந்த அளவு அவளுக்குக் காணாது, கம்பெனிப் பெட்டியை நிறுத்தினோம். ஆஸ்பத்திரியில் உணவு சொல்கிற அம்மாவிடம் கூட்டிப்போய், இவள் செய்கிற வேலையைச் சொல்லி, அதற்கேற்ற அளவு கேட்டு வந்தேன். காலிப் பெட்டிகளை அக்கா எறியவில்லை, கழுவி அடுக்கி வைத்திருந்தாள். இப்போது சமைத்ததும் முதலில் தன் பங்கை அதில் எடுத்து மூடி வைத்துவிடுகிறாள். பிறகுதான் மற்றவர்களுக்கு. சின்னது மூடியைத் திறக்கப் பார்த்தால் பெரியவனே அதட்டுகிறான்.

போன வாரம் இரண்டு கிலோ குறைந்திருந்தது. டாக்டர் "பார்க்கலாம்" என்றார். தேதி தரவில்லை. ஆரஞ்சு இன்னும் ஆரஞ்சாகத்தான் இருக்கிறது. போர்வைகளும் அதே கனம்தான்.

ஞாயிற்றுக்கிழமை போனால் சட்டி பானை கழுவுவது என் பொறுப்பு. நேற்றும் அக்காவைச் சாப்பிட உட்கார வைத்துவிட்டுக் குழாயடியில் நின்றேன். சின்னது தட்டைக் கழுவாமல் அப்படியே போட்டுவிட்டு ஓடியிருந்தது. அதில் பாதி முட்டை. அலுவலகத்தில் மறுநாள் முடிக்க வேண்டிய வேலையை நினைத்துக்கொண்டிருந்தேன். விழுங்கிய பிறகுதான் தெரிந்தது.

திரும்பினால் அக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"பாத்திரம் கழுவுறேன்" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இடது கையால் வயிற்றை அமுக்கிக்கொண்டாள். "சிரிக்க வைக்காதடி, வலிக்குது" என்றாள்.