காத்திருப்பு மெட்டு

நீர்நாய்க்குப் பெயர் வைக்கக் கூடாது என்பது எங்கள் விலங்கு காப்பகத்தின் விதி. பதினேழு என்றுதான் சொல்வோம். அதன் குளத்துப் பக்கம் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போகலாம். முகத்தில் துணி, உடம்பில் பழுப்பு அங்கி, வாயில் பேச்சே கூடாது. மீன்கூட எங்கள் கையிலிருந்து போவதாக அதற்குத் தெரியக் கூடாது. சுவருக்குப் பின்னால் நின்று மீனை அலசி, சாய்வாகப் பதித்த குழாயில் விட்டால், மறுபக்கம் தண்ணீரில் விழும். மீன் தண்ணீரிலிருந்துதான் வருகிறது, மனிதரிடமிருந்து அல்ல என்று நம்பியபடியே அது வளர வேண்டும்.

இத்தனையும் செய்த பிறகும், பதினேழு என்னைக் கண்டால் ஓடி வந்தது.

வேறு யார் போனாலும் வராது. குழாய்க்குள்ளோ பாறை இடுக்கிலோ பதுங்கிவிடும். நான் குளத்தோரம் பாசி தேய்க்கப் போனால் மட்டும் தலையை நீட்டி, ஈரம் சொட்ட வந்து, கம்பி வலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நிற்கும். நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். பார்க்காவிட்டாலும் முதுகுக்குத் தெரியும்.

குளத்தின் மேல் ஒரு கேமரா உண்டு. படம் மட்டும்தான், சத்தம் பதியாது. அந்தப் படத்தைக் காப்பகத்தின் விலங்கு டாக்டர் எனக்குப் போட்டுக் காட்டினாள். என் மகளைவிட நான்கு வயதுதான் பெரியவள், ஆனால் அவள் கண்ணாடியைக் கழற்றினால் திட்டு விழப்போகிறது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். கழற்றினாள்.

"அக்கா, அதுகிட்ட பேசினீங்களா?"

"ஐயோ, சத்தியமா இல்லம்மா."

"கையில எதாவது குடுத்தீங்களா?"

"விரலைக்கூட நீட்டல."

"அப்புறம் ஏன் வருது? மழை தொடங்க அஞ்சு வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள விட்டாதான் தண்ணி குறைவா இருக்கும்போதே மீன் பிடிக்கப் பழகும். ஒரு ஆளைத் தேடி வர்ற நீர்நாயை நான் எப்படி ஆத்துல விடறது? நாளைக்கு வலையோட நிக்கிறவன்கிட்டயும் இப்படித்தான் போய் நிக்கும். அஞ்சு வாரத்துல இது நிக்கலன்னா ஆயுசுக்கும் இந்தக் குளம்தான்."

அந்தக் குளத்தின் நீளம் எனக்குத் தெரியும். துடைப்பத்தோடு நடந்தால் பதினோரு எட்டு.

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டேன். ஆனால் உள்ளே வேறொன்று நடந்தது. அதை அன்று நான் யாரிடமும் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவள் நான். காலை முதல் மாலை வரை என் காதுக்குள் விழுந்தவர்கள் ஒருவர்கூட என்னைத் தேடி வந்தவர்கள் இல்லை. வேறு யாரும் கிடைக்காமல் என்னிடம் மாட்டியவர்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சும்மா இருக்க முடியாமல் இங்கே சாணி அள்ள வந்தேன். இங்கே ஒரு உயிர், இத்தனை பேரில் என்னைத் தேர்ந்தெடுத்து வருகிறது. ஏன் என்ற கேள்விக்கு, நான் நானாக இருப்பதால்தான் என்று எனக்குள் ஒரு பதில் ரகசியமாகத் தயாராக இருந்தது.

டாக்டர் அதை ஏற்கவில்லை. விலங்குக்கு அப்படியெல்லாம் கிடையாது, எதையோ கண்டுபிடித்து வைத்திருக்கிறது என்றாள். அதைத் தேட ஆரம்பித்தோம்.

முதலில் சோப்பு. நான்கு நாள் வெறும் தண்ணீரில் குளித்துவிட்டு வந்தேன். பதினேழு வந்தது. அடுத்தது செருப்பு, அதன் பிறகு வாளி. கடைசியில் மெக்கானிக் தம்பியை என் அங்கி, என் செருப்பு, என் முகத்துணி எல்லாவற்றையும் போட்டு அனுப்பினோம். பேருந்துப் பணிமனையில் வேலை. விடுமுறை நாளெல்லாம் இங்கேதான் கூண்டு செய்வார். என் அங்கி அவருக்கு முட்டிவரைதான் வந்தது. கேமராத் திரையில் அவர் என்னைப் போலவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து தேய்த்தார்.

"என் இடுப்புவலியை எல்லாம் அவர் ஏன் நடிக்கணும்?" என்றேன்.

"ஆராய்ச்சின்னா முழுசா செய்யணும்ல," என்றாள் டாக்டர், சிரிக்காமல்.

பதினேழு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு உள்ளூர இனித்தது. இரண்டு வாரம் போயிருந்தது.

விடை குளத்திலிருந்து வரவில்லை. வளாகத்தின் மறுகோடியில் பாத்திரம் கழுவும் கொட்டகை. அதை ஒட்டிய அறையில் ஒரு சாம்பல் கிளி இருந்தது. யாரோ வெளிநாட்டிலிருந்து வாங்கி வளர்த்து, சலித்துப்போய், கூண்டோடு எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனது. இந்த மண்ணின் பறவை இல்லை என்பதால் அதை விட இடமில்லை, கடைசிவரை எங்களோடுதான். எல்லாரையும் ஒருமாதிரி சாய்ந்து பார்ப்பதால் மெக்கானிக் தம்பி அதற்கு ஜட்ஜ் என்று பெயர் வைத்திருந்தார். வந்ததிலிருந்து வாயே திறக்காதது, அன்று நான் தட்டு தேய்த்துக்கொண்டிருந்தபோது பாடியது.

பாட்டு இல்லை, மெட்டு. ஏறி, ஏறி, ஒரு படி இறங்கி, நின்று, மறுபடி தொடக்கத்துக்கே வரும் மெட்டு.

கையிலிருந்த தட்டு நழுவியது. உலகத்தில் எதை மறந்தாலும் அதை நான் மறக்க மாட்டேன். எங்கள் நிறுவனத்தின் காத்திருப்பு மெட்டு. 'சற்றுக் காத்திருங்கள்' என்று நான் பொத்தானை அழுத்தினால், மறுமுனையில் ஓடுவது.

"தம்பி, இங்க வாங்களேன்! இதை வளத்தவங்க போன்ல எத்தனை மணிநேரம் காத்துக் கிடந்திருப்பாங்க பாருங்க. பாவம், எங்க ஆபீசுக்குத்தான் போட்டிருக்காங்க!"

மெக்கானிக் தம்பி என்னை விநோதமாகப் பார்த்தார்.

"அக்கா, அது நீங்க பாடறதுதானே?"

"நான் எங்க பாடறேன்?"

"எங்கயா? தட்டை எடுத்தா ஆரம்பிப்பீங்க, கவுக்கறவரைக்கும் ஓடும். உங்களைப் பாத்து எனக்கே தொத்திக்கிச்சு. டிப்போவுல திட்டு வாங்கறேன்."

நம்பவில்லை. மகளுக்குப் போன் செய்தேன்.

"ஏன்டி, நான் வேலை செய்யும்போது முனகுவேனா?"

"ஆமா. டிங் டிங் டிடிங்."

"எத்தனை நாளா?"

"நான் ஸ்கூல் போன காலத்துலேருந்து. ஏம்மா, உடம்புக்கு என்ன?"

"ஒரு நாளாவது சொல்லியிருக்கலாம்ல?"

"இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு? பிரிட்ஜ் சத்தம் மாதிரி. நின்னாதான் எழுந்து வந்து பாப்பேன்."

நான் அமைதியான பெண் என்று ஐம்பத்து மூன்று வயதுவரை நினைத்திருந்தேன். கல்யாணத்துக்குப் பார்க்க வந்தவர்களிடம்கூட அப்படித்தான் சொன்னார்கள். எனக்குத் தெரியாமல் என் தொண்டையில் வேறொருத்தி குடியிருந்திருக்கிறாள்.

அதன்பின் எல்லாம் தானாகப் புரிந்தது. சுவருக்குப் பின்னால் நான் மீன் அலசுவேன், முனகுவேன். மெட்டு முடிய, குழாயில் மீன் வரும். பிறகு குளத்தோரம் அதே மெட்டு வரும்போது பதினேழு ஓடிவந்து நிற்கும். என் அங்கியைப் போட்டுக்கொண்டு போன தம்பி அன்று விதிப்படி வாயைத் திறக்கவில்லை, அதனால்தான் அது எட்டிப் பார்க்கவில்லை. என்னைத் தேடி அல்ல. சற்றுக் காத்திருந்தால் ஏதாவது கிடைக்கும் என்று.

டாக்டரிடம் சொன்னபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னை நன்றாகப் பார்த்தாள். இனி நான் குளத்துப் பக்கம் போகாமல் இருந்தால் போதுமா என்று கேட்டேன்.

"போதாதுக்கா. ஆத்தோரம் எவனாவது துணி துவைச்சுக்கிட்டு முனகினா? அந்தப் பழக்கத்தை அறுத்தாகணும். தினம் ரெண்டு வேளை போய் வலைக்கு வெளிய உக்காந்து பாடுங்க. மீன் மட்டும் வராது. அது நேரங்கெட்ட நேரத்துல, சத்தமில்லாம, வேற யார் கையாலயாவது போகட்டும்."

"காத்திருக்க வெச்சுட்டு எடுக்காம இருக்கணும்."

"அதேதான்."

"அதுல எனக்கு அனுபவம் இருக்கு," என்றேன். இருவரும் சிரித்தோம். அவள் சீக்கிரம் நிறுத்திக்கொண்டாள்.

வேண்டுமென்றே முனகப்போனால் எனக்கு வரவில்லை. பாதி மெட்டுக்கு மேல் வழி தெரியாமல் நின்றது. வேறு வழியில்லாமல் ஜட்ஜ் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மூன்று நாள் அதனிடம் பாடம் கேட்டேன். இறங்குகிற படியில் நான் தவறினால், அது தலையைச் சாய்த்து முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

பிறகு குளம். முதல் நாள் பதினேழு வலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் பாடிக்கொண்டே இருந்தேன். கால் மணி நேரம் கழித்து அது கீச்சென்று கத்தியது. இரண்டாம் நாள் வலையைக் கடித்தது. மூன்றாம் நாள், நான் நிறுத்திவிட்டு எழுந்தபோது, வலையோரமாகவே என்னோடு கூட நடந்து வந்தது, முடிகிற இடம்வரை. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை.

அந்த நாட்களில் ஒன்று புதிதாகத் தோன்றியது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தப் பொத்தானை எத்தனை ஆயிரம் தடவை அழுத்தியிருப்பேன். அந்தப் பக்கம் ஒரு முகம் இப்படி நின்றிருக்கும் என்று ஒருமுறையாவது நினைத்தேனா? நினைக்காமல் இருக்கத்தான், அந்த மெட்டை நானே வைத்துக்கொண்டேனோ? தெரியவில்லை. கேட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்.

ஒன்பதாம் நாள் பாதி வழி வந்து நின்றது. பன்னிரண்டாம் நாள் தலையை மட்டும் தூக்கியது.

சோதனை நாளன்று டாக்டர் கேமராத் திரைமுன் உட்கார்ந்தாள். பக்கத்தில் மெக்கானிக் தம்பி. நான் அங்கியும் முகத்துணியுமாகக் குளத்தோரம் போய் ஆரம்பித்தேன். ஏறி, ஏறி, ஒரு படி இறங்கி.

பாறை இடுக்கிலிருந்து தலை வெளியே வந்தது. என்னைப் பார்த்தது. நான் நிறுத்தவில்லை. மீசையில் தண்ணீர் சொட்டியது. அந்தக் கண்ணில் கோபமா, சந்தேகமா, நினைவா என்று அறிந்துகொள்ள எனக்கு அப்படி ஓர் ஆசை. என்னால் பார்க்க முடிந்ததெல்லாம் கண்தான். மூன்று மூச்சு. நான்காவது மூச்சில், மெட்டு தொடக்கத்துக்குத் திரும்புகிற இடத்தில், பொளக்கென்று மூழ்கியது. மறுகரையில் எழுந்து, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உடம்பை உதறியது.

போனை வைத்துவிட்டது.

திரும்பி வந்தபோது டாக்டர் தாளில் எழுதிக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை விட்டுடலாம்," என்றாள். மெக்கானிக் தம்பி கூண்டு வண்டிக்கு எண்ணெய் போடக் கிளம்பினார்.

நான் கொட்டகைக்குப் போய்த் தட்டுகளை எடுத்தேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அடுத்த அறையிலிருந்து ஜட்ஜ் ஆரம்பித்தது. இரண்டு சுற்று ஓடவிட்டேன். மூன்றாவது தொடங்கும் முன் கையைத் துடைத்துக்கொண்டு அதன் அறைக்குப் போனேன். இதற்கு மட்டும் எந்த விதியும் இல்லை.

"காத்திருந்ததுக்கு நன்றி," என்றேன். "சொல்லுங்க."

ஜட்ஜ் நிறுத்திவிட்டு, தலையைச் சாய்த்து, என்ன சொல்வதென்று யோசித்தது.